கவசத்தில் மூன்று வெட்டு

உள்ளங்கை உயரமே இருந்த படைத்தலைவனின் மார்பளவுச் சிலைக்குக் கோபம் பொங்கியது. அதன் கவசத்தில் தூரிகை ஒரு கறுப்புக் கோடு இழுத்து, அதை ஒட்டி மெல்லிய வெள்ளிக் கோடும் இழுத்தது. வாள்வெட்டு ஆழமாகத் தெரிந்தது.

"என்னை யார் வெட்டியது? நான் போருக்கே போனதில்லை. பொய்க் காயம் வேண்டாம், அழி."

"சும்மா இருமய்யா. பளபளவென்று விட்டால் தகர டப்பா என்பார்கள்," என்ற தூரிகை இன்னும் இரண்டு வெட்டுகள் போட்டு, ஓரங்களில் துருவும் பூசியது.

"கண்காட்சியில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவேன்," என்று சிலை உறுமியது.

கண்காட்சியில் கூட்டம் பக்கத்துச் சிலையையே சுற்றி நின்றது. அதன் கவசத்தில் ஏழு வெட்டுகள் இருந்தன.

திரும்பி வந்ததும் சிலை தூரிகையிடம் சீறியது: "பாவி, நான் பட்ட வெட்டுகளில் பாதியைக்கூட நீ போடவில்லையே."