சுழி இல்லாத கோடு

"இந்த வெல்டிங்கைப் போட்ட ஆளைத்தான் மாஸ்டர், ரெண்டு வருஷமா தேடிக்கிட்டிருக்கேன்."

இளைஞன் மேசைமேல் வைத்த பொருளைப் பார்த்ததும் வெல்டர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் டிக்கி மூடி. சிவப்பு நிறம். அதன் இடது கீல், பிழிந்துபோட்ட துணிபோல முறுக்கிக் கிடந்தது. கீலுக்கு அடியில் தகடு வைத்துப் போட்டிருந்த வெல்டிங் ஒரு ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசலுக்குப் பக்கத்திலேயே, கோடு முடிகிற இடத்தில், ஒரு சின்னச் சுழி.

வெல்டிங் கம்பியை எடுப்பதற்கு முன் ஒரு தடவை பின்னால் திருப்பிச் சுழித்து முடிப்பது அவருடைய கைப்பழக்கம். அவருக்குத் தெரிந்து வேறு யாரும் அப்படி முடிப்பதில்லை.

"எதுக்குத் தேடறீங்க?" என்றார்.

"காரை முழுசா சரி பண்ணிட்டேன். இஞ்சின், பெயிண்ட், கண்ணாடி எல்லாம் ஆச்சு. இந்த டிக்கிக் கீல் ரெண்டும்தான் பாக்கி. உள்ளே புதுத் தகடு கொடுத்துப் பலப்படுத்தணும். வேற மூடி வாங்கிக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு இந்த மூடிதான் வேணும், இதைச் செஞ்ச ஆள்தான் வேணும். அவரை நேர்ல பார்க்காம விடறதா இல்லை." இளைஞன் மூடியின் விளிம்பைத் தடவினான். "எங்கப்பா இந்தக் காரோடதான் ஆத்துல போனார். பதினெட்டு வருஷம் ஆச்சு."

வெல்டருக்கு எல்லாம் நேற்று நடந்ததுபோல நினைவிருந்தது. கீல் பக்கத்துத் தகரம் வெடித்திருக்கிறது, மூடிமேல் பெட்டி கட்டவேண்டும், சாயங்காலத்துக்குள் முடியுங்கள் என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார் அந்தக் காரைக் கொண்டுவந்த மனிதர். இவரும் அவசர அவசரமாக முடித்து, தட்டிக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் உதிரிபாகக் கடைக்காரர் சொன்னார்: "அந்தச் சிவப்புக் கார் ஆத்துல போயிடுச்சாம்பா. ஓட்டினவர் போயிட்டார். வெளியே எடுக்கும்போது டிக்கி மூடி தூக்கிட்டு நின்னுச்சாம்."

மேற்கொண்டு கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மிச்சத்தை அவரே நினைத்துக்கொண்டார். ஓடுகிற காரில் கீல் விட்டுப்போய் மூடி தூக்கியிருக்கும், அந்த மனிதர் பதறித் திரும்பியிருப்பார், கார் ஆற்றில் இறங்கியிருக்கும். கட்டின மனைவியிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. இன்றைக்கும் சிவப்புக் கார் எதிரே வந்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார்.

"ஒரு கோடு போட்டுக் காட்டுங்க மாஸ்டர்," என்றான் இளைஞன். "பதினோரு பட்டறையில போடச் சொல்லிப் பார்த்துட்டேன். அவர் கையை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்."

பட்டறையின் மறுகோடியில் கார் சீட் உறை தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள். "போட்டுக் காட்டுங்களேன், என்ன குறைஞ்சா போயிடும்?"

வெல்டர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டார். முகம் மறைந்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் போலீஸ், கோர்ட், பட்டறை வாசலில் கூட்டம் என்று மனசு எங்கெங்கோ ஓடியது. அப்பாவை இழந்த பிள்ளை, சும்மா விடுவானா? பழைய தகரத் துண்டில் பாதி தூரம் கோணலாகவே போட்டார். கோடு முடிகிற இடத்தில் கை தானாகப் பின்னால் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெடுக்கென்று கம்பியை எடுத்துவிட்டு, முகக்கவசத்தைத் தூக்கினார்.

மனைவி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, மொட்டையா நிக்குது? எப்பவும் நீங்க..."

"உனக்கென்ன தெரியும்? போய்த் தையலைப் பாரு."

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் மேசைமேல் இருந்த மூடியைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

தகரம் ஆறும்வரை இளைஞன் பொறுமையாகக் காத்திருந்தான். வெல்டருக்கு அது ஒரு யுகமாக இருந்தது. அவன் துண்டை எடுத்து, மூடியிலிருந்த கோட்டின் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இல்லை. இது அவர் கை இல்லை."

போன உயிர் திரும்பி வந்தது வெல்டருக்கு. வந்த உயிர் சும்மா இருக்கக்கூடாதா? வாயைத் திறந்தது.

"ஆளைப் பிடிச்சா என்ன தம்பி பண்றதா உத்தேசம்? போலீசா?"

"போலீசா, எதுக்கு?" மூடியைத் தூக்கப்போனவன் நின்றான். "வெள்ளத்துல தரைப்பாலம் உடைஞ்சு, கார் ஆத்துக்குள்ள மூக்கு குத்தி நின்னுச்சு. அப்பாதான் டிக்கியைத் திறந்து, என்னையும் அக்காவையும் இந்த மூடியைப் பிடிச்சுத் தொங்கச் சொன்னார். அவரைத் தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு. நாங்க அஞ்சு மணி நேரம் தொங்கினோம். கீலே முறுக்கிக்கிச்சு, ஆனா அந்த வெல்டிங் எங்களை விடலை மாஸ்டர். அந்தக் கையை ஒரு தடவை பிடிச்சுப் பார்க்கணும்னு அக்கா எல்லாப் பட்டறைக்கும் கூடவே வர்றா. இப்பவும் வெளியே வண்டியிலதான் உட்கார்ந்திருக்கா."

வெல்டர் மூடியிலிருந்த சுழியை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் மனைவி வெல்டிங் கம்பியை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டு, இளைஞன் பக்கம் திரும்பினாள்.

"அக்காவை உள்ளே கூப்பிடுங்க தம்பி. இவர் இன்னும் கோட்டை முடிக்கலை."