ஆறாவது வெள்ளை

“என்ன தம்பி இது? குடும்பத்துக்கே காமாலை வந்த மாதிரி இருக்கு!”

பெரியவர் படத்தை ஸ்டூடியோ மேசைமேல் போட்டார். பதினோரு பேர், பதினோரு வெள்ளைச் சட்டைகள். வெளிநாடு கிளம்பும் மகள் போனில் கூப்பிட்டுச் சொல்ல, போட்டோகிராபர் பெரியவர் வீட்டுக்கே போய் எடுத்த குடும்பப் படம்.

“சட்டையெல்லாம் வெள்ளையாத்தானே சார் இருக்கு?”

“எங்கே வெள்ளை? இந்தக் காலத்துல யாருக்குமே வெள்ளைன்னா என்னன்னு தெரியல. சலவைக்காரரை இந்த வருஷம் மூணு தடவை மாத்திட்டேன். சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொன்னா பெயிண்டர் மஞ்சளை அடிச்சுட்டுப் போறான். இப்போ நீங்க!”

வாடிக்கையாளரோடு வாதாடி ஜெயித்தவன் கடையைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். ஸ்டூடியோ திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

“கவலைப்படாதீங்க சார். ரா ஃபைலா எடுத்து வெச்சிருக்கேன். அது வெட்டாத துணி மாதிரி, உங்களுக்குக் குடுத்த ஜேபெக் படம்தான் தைச்ச சட்டை. நிறத்தை மாத்தி எத்தனை தடவை வேணாலும் புதுசா எடுத்துக்கலாம்.”

“அப்போ வேற சட்டை தைச்சுக் கொண்டாங்க.”

ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை போட்டோகிராபரின் மனைவியுடையது. அவள் ரா ஃபைலைத் திறந்தாள். படம் சோகை பிடித்து வெளிறிக் கிடந்தது. பெரியவரின் காலரைத் தொட்டு ‘இதுதான் வெள்ளை’ என்று கம்ப்யூட்டருக்குக் காட்டியதும், மற்ற நிறங்களெல்லாம் தாமாக ஒழுங்குக்கு வந்தன.

“மஞ்சள்” என்று அந்த இரண்டாவது படத்தையும் திருப்பி அனுப்பினார் பெரியவர்.

மூன்றாவது படத்தில் கொஞ்சம் நீலம் ஏற்றினார்கள். நான்காவதில் இன்னும் கொஞ்சம். ஐந்தாவதில் மருமகன் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து வைத்தவர்போல விறைத்து நின்றார். அதற்கும் மஞ்சள் என்றே பதில் வந்தது.

“இதுக்கு மேல நீலம் ஏத்தினா போலீஸ் கேஸாயிடும்ங்க” என்றாள் மனைவி. “முதல்ல குடுத்ததுதான் சரி.”

“நீ என் பொண்டாட்டி. எனக்குப் பரிஞ்சுதான் பேசுவே.”

போட்டோகிராபர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

“அவ்வளவு பெரிய மனுஷர், இவ்வளவு அடிச்சுச் சொல்றாரே. கோளாறு என் கண்ணுல இருந்தா? இந்தக் கண்ணை நம்பித்தானே நம்ம பொழப்பே ஓடுது?”

மனைவி கண்ணை மூடிக்கொண்டு நீலத்தை இன்னும் ஒரு பிடி ஏற்றினாள்.

ஆறாவது படத்தைச் சட்டம் போட்டு போட்டோகிராபரே எடுத்துப்போய்ப் பெரியவர் வீட்டு ஹாலில் மாட்டினார். பெரியவர் கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“இது வெள்ளை! இதைத்தானே இத்தனை நாளா கேட்டேன்?”

போட்டோகிராபரின் கண்ணுக்குப் பதினோரு பேரும் மைக்குப்பியில் முக்கி எடுத்ததுபோல் இருந்தார்கள். அவர் பெரியவரின் மனைவி பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு எப்படிம்மா தெரியுது?”

அந்த அம்மா படத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். “அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி. இதுலயெல்லாம் நாங்க யாரும் அவரை எதிர்த்துப் பேசறதில்ல.”

அவ்வளவுதான், இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. போட்டோகிராபர் குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா, ஒரு உதவி. எனக்குக் கண்ணுல ஏதோ பெரிய கோளாறு. இந்த ஊர்ல நல்ல கண் டாக்டர் யாராவது இருந்தா சொல்லுங்களேன்.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். படத்தின் முன்னால் சொக்கி நின்ற கணவரைப் பெருமையோடு காட்டினார்.

“இவரை விட்டா வேற யாரு தம்பி? நாளைக்குக்கூட ஆறு ஆபரேஷன் வெச்சிருக்கார்!”