நிற்கும் காரில்

நாய்க்குட்டி பஞ்சுவை முதலில் நிற்கிற காரில் உட்காரவைத்துப் பழக்கச் சொல்லியிருந்தார் கால்நடை மருத்துவர். பயம் தெளிந்த பிறகு இன்ஜினைப் போடலாம், அதற்குப் பிறகுதான் பயணம். பிரிந்துவிடுவதென்று கணவனும் மனைவியும் முடிவு செய்திருந்தார்கள். மனைவி யமுனாவோடு பஞ்சு கோவைக்குப் போகும். அது பழகியதும் கிளம்பிவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள்.

தினமும் மாலையில் இருவரும் காரில் ஏறி உட்கார்ந்தார்கள். அவள் ஸ்டியரிங் முன்னால், தாமோதரன் பக்கத்தில், அவன் மடியில் பஞ்சு. வீட்டுக்குள் பேசிக்கொள்ளாதவர்கள் அங்கே எதையாவது பேசினார்கள். மாடி வீட்டுக்காரர் ஒருநாள் குனிந்து பார்த்து, “என்ன சார், தினமும் டூர் கிளம்புறீங்க, வண்டி மட்டும் நகர மாட்டேங்குதே?” என்றார். இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள்.

இன்று யமுனா இன்ஜினைப் போட்டாள். பஞ்சு ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

“பழகிட்டான்.”

“எங்க? இன்னும் நடுங்குறான் யமுனா. இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்.”

அவள் கையை நீட்டிக் குட்டியின் முதுகில் வைத்தாள். மூச்சு சீராக ஏறி இறங்கியது.

“நல்லாத் தூங்குறான். நடுங்குறது உங்க கால்.”

“இன்ஜின் அதிருதுல்ல, அதான்.”

அவள் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். கார் அடங்கியது. தாமோதரன் இரண்டு கைகளாலும் முழங்கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.