அம்மை கண்ட காகம்

காகத்துக்கு அம்மை போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பாலைவனத்து லேபர் கேம்ப்பில் சமையல் செய்யும் எசக்கிமுத்து அன்றுதான் பார்த்தான். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அது உட்கார்ந்திருந்தது. இரண்டு கண்களையும் மொச்சைக்கொட்டை அளவுக் கொப்புளங்கள் மூடியிருந்தன. பட்டினியில் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"ஏதோ வைரஸாம் அண்ணாச்சி. தொட்டிப் பக்கம் விடாதேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு, வெரட்டுங்க" என்று அறைத்தோழன் சந்தனராஜ் துடைப்பத்தோடு வந்தான்.

"கண்ணு தெரியாதத வெரட்டுனா செத்துல்லா போவும்! வீட்டுல அம்மை போட்டா அவளப் போன்னா சொல்லுவ?"

"ஆமா, ஆத்தா விசா எடுத்து வந்திருக்கா!"

எசக்கிமுத்து சிரிக்கவில்லை. ஒரு உருண்டைச் சோற்றோடு தொட்டியை நெருங்கினான். அதற்குள் இன்னொரு காகம் இறங்கியது. குருட்டுக் காகத்தின் அலகைத் தன் அலகால் மெல்லத் தட்டித் திறக்கவைத்து, தொண்டையில் கொண்டுவந்த இரையை உள்ளே வைத்தது. பறந்துபோனது. மறுபடி வந்தது. பொழுது சாயும்வரை வந்துகொண்டே இருந்தது. சந்தனராஜ் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, என்ன நினைத்தானோ, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

மறுநாள் காலையில், ஊட்டிய காகத்தின் கண்ணோரம் ஒரு கொப்புளம் இருந்தது.