துண்டித்த இணைப்பு

குலசேகரத்தில் ஜெனிலாவும் அவள் அண்ணன் எட்சனும் சேர்ந்து ஒரு சிப் வடிவமைத்தார்கள். மற்ற சிப்களைப் போல அதன் பகுதிகளை ஒரே தாளத்தில் நடத்தும் கடிகாரத் துடிப்பு அதில் கிடையாது. ஒரு பகுதி தகவலை அனுப்பிவிட்டு, மறுபகுதி ‘கிடைத்தது’ என்று பதில் தரும்வரை காத்திருக்கும். பதில் தரும் பகுதி எட்சன் செய்தது. அதில் பிழை இருப்பதாகச் சண்டையிட்டு, ஜெனிலா மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. பேசாமல் இருக்கும்போதே அவன் விபத்தில் இறந்துபோனான்.

வியாழக்கிழமை, பழுது வந்தால் சிப் என்ன செய்யும் என்று பார்க்க, அவள் பதில் வரும் இணைப்பைத் துண்டித்தாள். சிப் நின்றிருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தகவலுக்கும் பதில் வந்துகொண்டே இருந்தது.

“சோறு ஆறுது, வா மக்கா,” என்றாள் அம்மா.

“அண்ணன் செஞ்சதுல தப்பில்லம்மா.”

“அத அவன் இருக்கும்போ சொல்லியிருக்கலாம்.”

‘அண்ணா, நீ செஞ்சதுல தப்பில்ல’ என்று ஜெனிலா தட்டச்சு செய்து சிப்புக்கு அனுப்பினாள். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. சிப் பதிலுக்காகக் காத்து நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போதும் அவள் அதை அணைக்கவில்லை.