தெரு பார்த்த அறை

“ரெண்டு டிக்கெட். பத்து நாள். போர்ச்சுகல்.”

சமையலறைக் காற்றுச் சந்து வழியாக மாடி வீட்டுப் பேச்சு கீழே இறங்கி வந்தது. ஜன்னலக்கா கரண்டியை ஓசைப்படாமல் வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். கொதிக்கிற சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிப்போனால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

அந்தக் கட்டடத்தில் மொத்தம் ஆறு வீடு. தரைத்தளத்தில், தெருவைப் பார்த்த ஜன்னலோரமாகத் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். எந்த வீட்டுக்குப் பார்சல் வந்தது, எந்த வீட்டு மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள், எல்லாவற்றுக்கும் அவளைக் கேட்டால் போதும்.

வெளியூர் போகிறவர்கள் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்கென்றே வாசற்கதவுக்குப் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்றாக ஐந்து ஆணி அடித்து வைத்திருந்தாள். இப்போது மேல்வீட்டு டிரைவிங் மாஸ்டரும், ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற அவன் மனைவி லேப்காரியும் சீமைக்கே கிளம்புகிறார்கள். அவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

“சீசன் முடிஞ்சு அக்டோபர் கடைசியில போனா டிக்கெட் பாதி விலைதான்.” இது மாஸ்டர். “வெயிலும் இதமா இருக்குமாம். பத்து நாள் எதுக்கு, ஒரு வாரம் போதும்ல?”

“ஒரு வாரம் எந்த மூலைக்கு? பத்து நாளாவது இருந்தாத்தான் நிம்மதி.”

நிம்மதியாம். கல்யாணமாகி நாலு வருஷத்தில் இதுகளுக்கு என்ன நிம்மதி குறைந்துபோயிற்று என்று ஜன்னலக்காவுக்கு விளங்கவில்லை. சந்துக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாகக் காதைக் கொண்டுபோனாள்.

“கடல் பார்த்த ரூம் ஒண்ணு இருக்கு. ஆனா மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது.”

“மாடி வேணவே வேணாம். முட்டி தாங்காது.”

ஜன்னலக்கா முகவாயில் கை வைத்தாள். காலையில்கூட மாஸ்டர் ரெண்டு ரெண்டு படியாகத் தாவி ஏறியதைப் பார்த்தவள் அவள். அதற்குள் எங்கிருந்து வந்தது முட்டி?

“அப்போ இது. பழைய ஊர்ப்பக்கம், கீழ்த்தளம், வாடகையும் சல்லிசு. ஆனா தெரு ரொம்பக் குறுகல். எதிர்வீட்டு ஜன்னல் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. பொழுதுக்கும் ஆள் நடமாட்டம், சளசளன்னு பேச்சுன்னு தங்கினவங்க திட்டி எழுதியிருக்காங்க.”

“அதையே போடுங்க.”

அவ்வளவு தூரம் பறந்துபோய், கடலை விட்டுவிட்டுத் தெரு பார்த்த அறை. புத்தி உள்ளவர்கள் செய்கிற காரியமா என்று அலுத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

“கேட்டீங்களா, மேல்வீட்டுக்காரங்க போர்ச்சுகல் போறாங்க. நம்மகிட்ட மூச்சு விடல.”

அவள் வீட்டுக்காரர் காதிலிருந்த மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதுதான் அவர் வழக்கமாகச் சொல்கிற பதில்.

“சாவிய அந்த மூணாவது மாடி நர்ஸம்மாகிட்ட குடுத்துட்டாங்கன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த ஜன்னல்ல உக்கார்றது?”

அது மேஜைமேல் கிடந்த மெஷினுக்கு மட்டும் கேட்டிருக்கும். ஜன்னலக்கா கதவோரத்தில் மேல்வீட்டுக்கென்று இருந்த ஐந்தாவது ஆணியை ஒருமுறை பார்த்தாள். பட்டன் தைத்து வைத்திருந்த லேப்காரியின் வெள்ளைக் கோட்டை எடுத்துக்கொண்டாள். வெறுங்கையோடு போய் விசாரித்தால் நன்றாக இருக்காது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, படிக்கு ஒரு மூச்சாக மாடி ஏறினாள்.

“உக்காருங்கக்கா” என்றாள் லேப்காரி.

“உக்கார நேரமில்லம்மா. கோட்டு ரெடியாயிடுச்சு. அப்புறம், ஊருக்குப் போறப்போ மறக்காம சாவிய குடுத்துட்டுப் போங்க. செடிக்குத் தண்ணி ஊத்தணும்ல.”

“எந்த ஊருக்குக்கா?”

“எனக்கென்ன தெரியும். போர்ச்சுகலோ என்னமோ.”

மாஸ்டர் மனைவியைப் பார்த்தான். அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். “நான் அப்பவே சொன்னேன், ஹால்ல உக்காந்து பேசலாம்னு.”

“சரி, குட்டு உடைஞ்சாச்சு” என்று மாஸ்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தான். “அக்கா, பொண்ணு பிரசவத்துக்குப் போனப்ப பாஸ்போர்ட் எடுத்தீங்களே, அது இன்னும் செல்லும்ல? உங்களுதும் அண்ணனுதும் வேணும்.”

“எங்க பாஸ்போர்ட்டு உங்களுக்கு எதுக்கு?”

“டிக்கெட்ல பேர் போட வேணாமா? போகப்போறது நீங்க ரெண்டு பேரும்தான். உங்க அறுபதாவது பொறந்தநாளுக்கு அஞ்சு வீடும் சேர்ந்து போட்டது. நர்ஸம்மா பங்குதான் ஜாஸ்தி.”

தெரு பார்த்த அறை, கைக்கு எட்டுகிற ஜன்னல், தாங்காத முட்டி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஜன்னலக்காவின் கண்ணில் முட்டின. சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு எதுக்குப்பா இவ்வளவு செலவு?” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அந்தக் காசுல நீங்க அஞ்சு வீட்டுக்காரங்களும் பக்கத்துல எங்கயாச்சும் லீவுக்குப் போயிட்டு வந்திருக்கலாமே.”

லேப்காரி அவள் மடியிலிருந்த கோட்டை எடுத்துப் பதவிசாக மடித்தாள்.

“நாங்க எங்கயும் போக வேணாங்கக்கா. நீங்க போனாலே எங்களுக்கு லீவுதான்.”