மூச்சுவிட நேரமில்லாதவன்

கீபோர்டின் மேல் அவன் விரல்கள் பேய் ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தன. நெற்றியில் வேர்வை, மேசையில் ஆறிப்போன காபி. நிமிர்ந்து பார்க்கக்கூட அவனுக்கு நேரமில்லை.

"கொஞ்சம் மூச்சு விட்டுட்டுத்தான் செய்யேன்ப்பா. இப்படி மாடா உழைச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் பக்கத்து மேசை அக்கா.

"இதோ முடிஞ்சிடுச்சுக்கா" என்றான், தலையைத் தூக்காமலே.

முடியவாவது! ஆரம்பித்தால்தானே முடிவதற்கு? அவன் தட்டியது அத்தனையும் குப்பை. எழுத்துகளைத் தாறுமாறாகத் தட்டுவான், பக்கம் நிரம்பியதும் அழிப்பான், மறுபடியும் தட்டுவான்.

ஆபீசில் அவனுக்கு 'பில்டு' என்றுதான் பெயர். புரோகிராம் எழுதுகிறவர்கள் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதித் தள்ளுவதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து பில்டு போடுவது அவன் வேலை. பிறகு அதை ஓடவிட்டு, ஒவ்வொன்றாக டெஸ்ட் செய்து, எது தேறியது, எது தேறவில்லை என்று மறுநாள் காலையில் மேனேஜருக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். எல்லாம் கையாலேயே செய்த காலத்தில் அதற்கே பொழுது போதவில்லை. வீட்டுக்குப் போனால் மனைவி, "வாங்க விருந்தாளி, எப்போ கிளம்பறீங்க?" என்பாள்.

அந்தக் குத்தல் பொறுக்காமல்தான் ஒரு லீவு நாளில் உட்கார்ந்து சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினான். யாராவது புதிதாக எழுதி உள்ளே போட்டால் போதும். அதுவே எடுத்து பில்டு போடும், அதுவே டெஸ்ட் செய்யும், காலையில் அதுவே ரிப்போர்ட்டையும் அனுப்பிவிடும். அவன் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் ஒரு நாள் வேலை தீர்ந்துபோனது.

துள்ளிக் குதித்துக்கொண்டு மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருப்பான். ஆனால் அதே வாரம்தான் மேல்மாடியில் ஒருத்தன், "என் வேலையெல்லாம் இப்போ தானா நடக்குது சார்" என்று பெருமையடித்தான். "அப்போ நீ எதுக்கு?" என்று கேட்டு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பில்டு வாயை இறுக மூடிக்கொண்டான். மனைவி வேறு மாசமாக இருந்தாள். இந்த நேரத்தில் வேலை போனால் என்ன ஆவது?

அன்றிலிருந்து அந்த நாற்காலி அவனுக்கு ஜெயில். எழுந்து நடந்தால் சந்தேகம் வரும், ஜன்னலைப் பார்த்தால் சந்தேகம் வரும், சீக்கிரம் கிளம்பினால் கேட்கவே வேண்டாம். செய்வதற்கு வேலையே இல்லாதவன்தான் ஆபீசில் எல்லாரையும்விடக் கடைசியாக வீட்டுக்குப் போனான்.

"சும்மா உட்காரச் சம்பளம். நீங்க கொடுத்து வெச்ச மனுஷன்" என்றாள் மனைவி.

"ஒரே ஒரு நாள் நீ வந்து உட்கார்ந்து பாரு. அழுதுடுவே" என்றான். அவனுக்கே அழுகை வரும்போல இருந்தது.

அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் மேனேஜரின் பதில். ரிப்போர்ட் போன கையோடு வந்துவிடும்: 'படித்தேன். நல்ல வேலை. தொடரவும்.' ஒரு நாள் புரோகிராம் மக்கர் செய்து, வெறும் தலைப்போடு ரிப்போர்ட் போய்விட்டது. அதற்கும் அதே பாராட்டுதான் வந்தது. மனுஷர் ஏதோ அவசரத்தில் இருந்திருக்கிறார், தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

இன்றைக்கு அந்தப் பதில் வரவில்லை. ரிப்போர்ட் போய் வெகு நேரமாகியும் வரவில்லை. அதனால்தான் இந்தத் தட்டுத் தட்டிக்கொண்டிருந்தான்.

மேசையில் போன் அடித்தது.

"உள்ளே வா." மேனேஜரின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

அவன் நுழைந்ததும் மேனேஜரே எழுந்து வந்து கதவைச் சாத்தினார். கண்ணாடித் தடுப்பின் திரையையும் இழுத்துவிட்டார்.

"இங்க வர்றேன்னு யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"உட்காரு. ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம பதில் சொல்லு. உனக்கு இந்தப் பைத்தான் எல்லாம் எழுத வருமில்ல?"

செத்தோம் என்று நினைத்தான். "ஏதோ... சுமாரா வரும் சார்."

"தினமும் தானா ஓடி, தானா மெயில் அனுப்பற மாதிரி எழுதத் தெரியுமா?"

அவ்வளவுதான், குட்டு உடைந்துவிட்டது. மனைவியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. கூடவே, இனிமேல் அந்தக் குப்பையைத் தட்ட வேண்டாமே என்று ஒரு பாழாய்ப்போன நிம்மதியும் வந்து தொலைத்தது.

"சார், தப்புதான். நானே வந்து சொல்லியிருக்கணும். வீட்ல மாசமா இருக்கா, அந்தப் பயத்துல—"

"ஐயோ, மெதுவாப் பேசுப்பா!" மேனேஜர் பதறிப்போய்க் கதவைப் பார்த்தார். "உன் கதையெல்லாம் அப்புறம். தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லு."

"தெரியும் சார்."

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தன் கம்ப்யூட்டரை மெல்ல அவன் பக்கம் திருப்பினார்.

"உன் ரிப்போர்ட்டுக்குப் பதில் போடற புரோகிராம் காலையிலேருந்து ஓட மாட்டேங்குது, கொஞ்சம் சரி பண்ணிக் குடுப்பா."